இடப்பக்கம், வலப்பக்கம்: நோட்டு எழுத வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் ஒரு டியூஷன் மாடியறையில், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பதினைந்து பேர் கூடுகிறோம். ஆளுக்கொரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறோம். யாரையாவது பார்த்தவுடன் மனதில் முதலில் தோன்றியதை இடப்பக்கத்தில் எழுதுகிறோம். அவரைப் பற்றிப் பிறகு தெரியவந்ததை வலப்பக்கத்தில் எழுதுகிறோம். விருப்பமிருந்தால் படித்துக் காட்டலாம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, 1986இல் வேலை கிடைத்து இந்த மாவட்டத்துக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தொண்டை வற்றச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதிவைத்துவிட்டேன்.

எனக்கு யார் மீதும் வெறுப்பு கிடையாது. பிறகு எனக்கு எதற்கு இந்த நோட்டு?

எனக்கும் வெறுப்பு கிடையாது. இருந்தும் ஒரு பையனின் ஈறுகளில் இரத்தம் வரவைத்திருக்கிறேன்.

பென்னாகரம் வட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் முதல் வேலை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன். படிப்பில் கெட்டி, ஆனால் பற்கள் பழுப்பாகத் திட்டுத் திட்டாக இருக்கும். தினமும் காலையில் வகுப்பு முன்னால் நிறுத்தி, “பல் துலக்கிவிட்டு வா என்று எத்தனை முறை சொல்வது?” என்று கேட்பேன். சுத்தம் சொல்லிக்கொடுக்கிறோம் என்ற நினைப்பு. ஒரு நாள் உதடெல்லாம் சிவந்து, வாய் வீங்கி வந்தான். செங்கல்லைப் பொடித்து, அந்தத் தூளை வைத்து விடியற்காலையில் தேய்த்திருக்கிறான்.

அந்த வாரம் பள்ளிக்கு வந்த கிராம செவிலியர்தான் விஷயத்தைச் சொன்னார். “டீச்சர், இது அழுக்கு இல்லை. தண்ணீர்.” இந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைச் சிறுவயதிலிருந்தே குடித்தால், ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறை படிந்துவிடும். முளைத்த பிறகு எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது. நீண்ட காலம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி முழங்கால் மடக்க முடியாமல் நடந்ததற்கும் அந்தத் தண்ணீரே காரணமாக இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அதுவரை வயதாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஊரில் பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார்கள். ‘என்ன அடக்கம், என்ன பண்பாடு’ என்று அம்மாவுக்குக் கடிதம்கூட எழுதினேன். பல்லை மறைத்திருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களின் கண்ணிலிருந்து.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் குறைப்புத் திட்டம் ஜப்பானிய நிதியுதவியுடன் நடந்து 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. ஏற்கெனவே கறை படிந்த பற்களோடு சென்னையிலும் பெங்களூருவிலும் நேர்முகத் தேர்வுக்குப் போய் உட்காரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எதிரே இருப்பவர் இடப்பக்கத்தில் என்ன எழுதுவார் என்பது எனக்குத் தெரியும். நானே எழுதியதுதான்.

எனவே, வெறுப்பு இருக்கிறதா என்று உங்களை யாரும் இங்கே கேட்கப்போவதில்லை. கேள்வி வருவதற்கு முன்பே விடை வந்து உட்கார்ந்துவிடுகிறதே, அதைத்தான் பார்க்கிறோம்.

பண்பாடு என்றால் பொங்கல், கூத்து, கும்மி, எருது விடும் விழா. பாரபட்சத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

விழாக்களைப் பற்றி யாருக்கும் சண்டையில்லை. ‘இதுதான் சரி’ என்று யோசிக்காமலே நாம் செய்கிறவைதான் பண்பாட்டில் பெரும்பகுதி. யார் முதலில் சாப்பிடுவது, டம்ளரை உதட்டில் வைத்துக் குடிப்பதா அண்ணாந்து குடிப்பதா, செருப்பை எந்தப் படியில் கழற்றுவது, வந்தவரிடம் முதலில் என்ன கேட்பது. மற்றவர் வேறு மாதிரி செய்யும்போதுதான் நம்முடையது நமக்கே தெரிகிறது.

களியைச் சொல்கிறேன். வந்த புதிதில் வீட்டுக்காரப் பாட்டி கேழ்வரகுக் களி உருண்டையும் மொச்சைக் குழம்பும் கொடுத்தார். முகம் சுளித்தது எனக்கே தெரிந்தது. ருசி பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று புரிய இருபது வருடம் ஆயிற்று. எங்கள் ஊரில் வீட்டுக்காரர்களுக்கு அரிசிச் சோறு. கேழ்வரகுக் கூழ் வயலில் வேலை செய்ய வந்தவர்களுக்குக் காய்ச்சுவது. நான் சுளித்தது களியைப் பார்த்து இல்லை. இதைச் சாப்பிடுகிறவர் யார் என்று என் ஊர் எனக்குச் சொல்லி வைத்திருந்ததைப் பார்த்து. (இன்று சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லோரும் தேடித்தேடிக் களி சாப்பிடுகிறார்கள். அதை மென்று தின்று மானத்தை வாங்குகிறார்கள். களியை விழுங்க வேண்டும்.)

அதே உருண்டைக்கு நம் வட்டத்தில் மூன்று பெயர்கள். தமிழ் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தெ, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. மூன்று வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டுப் பதம்தான் சரி என்பார்கள்.

இது தமிழ்நாடு. இங்கே இருப்பவர்கள் கன்னடமும் தெலுங்கும் உருதும் பேசினால் அந்நியமாகத்தானே தோன்றும்?

தோன்றும். தோன்றுவதை எழுதுங்கள். பிறகு ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். மாரண்டஹள்ளியில் ‘ஹள்ளி’ என்பது நம் ‘பள்ளி’தான். தமிழில் ‘ப’வில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ‘ஹ’வில் தொடங்கும். பால் ஹாலு ஆகும், புலி ஹுலி ஆகும், புகை ஹொகெ ஆகும். புகையும் கல், அதாவது ஹொகெனகல், நம் வாயில் ஒகேனக்கல். ஓசூரும் அப்படித்தான், புதிய ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர் என்று தர்மபுரியைப் பற்றிப் பெருமைப்படுகிறோம், பட வேண்டியதுதான். அதே நிலத்தை மைசூரிலிருந்து ஐதர் அலியும் திப்புவும் ஆண்டார்கள். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில், பாராமகால் என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தப் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர்தான் ராஜாஜி. இங்கே தாய்மொழி வேறாக இருப்பவர்களின் வீடு, என் வீட்டைவிட நிச்சயமாகப் பழையது. நான் வந்தது 1986இல்.

சித்தேரி மலையில் இருக்கும் மலையாளிகள் கேரளாவிலிருந்து வந்தவர்களா?

இல்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். சேர்வராயன், கொல்லி, ஜவ்வாது, கல்வராயன் மலைகளிலும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை அரூரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் கேட்டார் என்பதால் இங்கே சேர்த்தேன்.

எங்கள் வீட்டில் சாதி பார்ப்பதில்லை. அதையும் எழுத வேண்டுமா?

இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர் எங்கள் அறைக்கு இதுவரை வந்ததில்லை.

சரி, வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாளுக்குத் தேநீர் எதில் கொடுக்கிறீர்கள்? அந்த டம்ளர் எங்கே இருக்கும்? சமையலறை அலமாரியிலா, பின்வாசல் தொட்டி மேலா? ஒரு வாரம் அதை மட்டும் எழுதுங்கள். எங்கள் வட்டத்தில் ஒருவர் எழுதினார்: “தனி டம்ளர் இல்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் அந்த அம்மாள் தானே ஒரு பழைய டம்ளரை எடுத்துக்கொள்கிறார். பத்து வருடமாக நான் வேறு ஒன்றை எடுத்துத் தரவில்லை.” தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஒழித்தது. தொட்டி மேல் இருக்கும் டம்ளரை யார் எடுத்து உள்ளே வைப்பது?

அடுத்தது, ‘எந்த ஊர்?’ என்ற கேள்வி. அன்பான கேள்விதான். ஊர்ப் பெயரைச் சொன்னதும் ‘அங்கே எந்தப் பக்கம்?’ என்று வரும். கோயில் பக்கமா, ஏரிப் பக்கமா, யார் வீட்டுக்குப் பக்கத்தில் என்று நூல் பிடித்துப் போய், ‘காலனி’ என்ற சொல் வந்ததும் குரல் ஒரு படி இறங்கும். டவுனில் ஆசிரியர் காலனியில் இருக்கிறேன் என்று நான் சொன்னால் மரியாதை கூடுகிறது. கிராமத்தில் அதே சொல்லைச் சொல்பவருக்கு நாற்காலி நகர்கிறது. அரசுப் பதிவேடுகளிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் நூல் பிடிக்கும் கேள்வி பதிவேட்டில் இல்லை, நம் நாக்கில் இருக்கிறது. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்ட நாளையும், விடை கிடைத்ததும் உங்கள் குரல் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். பெயரெல்லாம் வேண்டாம்.

பெரிய வன்முறை வேறு, டம்ளர் வேறு என்று சிலர் கோபப்படுகிறார்கள். வேறுதான். ஆனால் 2012 நவம்பர் 7ஆம் தேதி, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாக வைத்து நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டபோது, பக்கத்து ஊர்களில் நல்லவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் பலர் ‘எரித்தது தப்புதான், ஆனாலும்...’ என்று இழுத்ததை என் காதால் கேட்டேன். அந்த ‘ஆனாலும்’ டம்ளர் இருக்கும் அதே தொட்டி மேல்தான் வளர்ந்தது என்பது என் கருத்து.

வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய பயம் நியாயமானதுதானே?

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். என் பதிலைவிட எங்கள் வட்டத்தில் ஒரு மேஸ்திரி சொன்னது மேல்.

அவர் பன்னிரண்டு வருடம் பெங்களூருவில் கட்டட வேலை செய்தவர். அங்கே தமிழர்களைக் கேலியாகக் ‘கொங்க’ என்பார்கள். வாடகைக்கு வீடு கேட்டால், ‘நீங்கள் ஓர் அறையில் எட்டுப் பேர் தங்குவீர்கள், குடித்துவிட்டுச் சத்தம் போடுவீர்கள்’ என்று கதவைச் சாத்துவார்களாம். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது, சாமான்களை விட்டுவிட்டு இரவோடு இரவாக அத்திப்பள்ளி வழியே ஓசூருக்கு நடந்து வந்தார். பிறகு ஓசூரில் வீடு கட்டி, மாடியில் நான்கு அறைகள் வாடகைக்கு விட்டார். ஒடிசாவிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த பையன்கள் கேட்டபோது அவர் சொன்ன பதில்: “நீங்கள் ஓர் அறையில் எட்டுப் பேர் தங்குவீர்கள்.”

இதைத் தன் நோட்டிலிருந்து அவரே படித்தார். இரண்டு வாக்கியங்களும் ஒன்றே என்பதைப் படிக்கும்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. நடுவில் நிறுத்தி, தண்ணீர் கேட்டார். இப்போது அந்தப் பையன்களுக்கு அறை கொடுத்திருக்கிறார். முன்பணம் மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத்தான் வாங்குகிறார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்.

குற்றம் செய்தவர் எந்த மாநிலத்தவரானாலும் காவல் நிலையம் இருக்கிறது. அது வேறு விஷயம். வதந்தி இரண்டு பக்கமும் பாயும் என்பதையும் மறக்க வேண்டாம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவின. அவை பொய் என்று காவல்துறை மறுத்தும், ஊர் திரும்பப் பலர் ரயில் நிலையங்களில் கூடினார்கள். நம்மைப் பற்றி அங்கே ஒருவர் இடப்பக்கம் எழுதியிருப்பார்.

ஒருவரைப் பற்றி மனதுக்குள் நினைத்தால் யாருக்கு என்ன நட்டம்?

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். சித்தேரி மலையடிவாரக் கிராமம். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று புகுந்து, ஊரை அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

1992இல் அந்தச் செய்தி எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்தபோது ஒருவர், ‘சந்தனக்கட்டை கடத்துகிற ஊர்தானே’ என்றார். நான் மறுக்கவில்லை. வாச்சாத்தியில் யாரையும் எனக்குத் தெரியாது. ஓர் ஊர் முழுவதையும் ‘கடத்தல்காரர்கள்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், அந்த ஊர்ப் பெண்கள் சொல்வதை நம்ப வேண்டிய வேலை மிச்சம். என்னைப் போல எத்தனை ஆசிரியர் அறைகளில் எத்தனை பேர் அப்படித் தலையசைத்திருப்பார்கள்? அதற்குப் பத்தொன்பது வருடம் கழித்து வந்த தீர்ப்பை வலப்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் உண்டா, அல்லது உங்கள் அனுபவம் மட்டும்தானா?

உண்டு. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிப் பையன்களிடம் செய்து பார்த்த சோதனை 1971இல் வெளியானது. ‘உனக்கு கிளேயின் ஓவியம் பிடிக்கிறது, உனக்கு காந்தின்ஸ்கியின் ஓவியம் பிடிக்கிறது’ என்று சும்மா ஒரு காரணம் சொல்லி இரண்டு அணியாகப் பிரித்தார்கள். பணம் பங்கிடச் சொன்னபோது, யாரென்றே தெரியாத தன் அணிக்காரனுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். நூற்றாண்டுப் பழக்கமெல்லாம் தேவையில்லை, ஒரு பெயர் போதும் என்று அதிலிருந்து தெரிந்தது.

நம் நாட்டுக்கு நெருக்கமானது சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007இல் வெளியிட்டது. நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியுடன் விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். பெயர்கள் மட்டும் வேறு: உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மற்ற இரண்டையும்விடக் கூடுதலாக இருந்தது.

கணினியில் பொத்தான் அழுத்தி மறைமுகச் சார்பை அளக்கும் சோதனை ஒன்றை 1998இல் உளவியலாளர் கிரீன்வால்டும் உடன் பணியாற்றிய இருவரும் அறிமுகப்படுத்தினார்கள். இளைஞர்கள் அதைச் செய்துபார்த்து மதிப்பெண்ணோடு வருகிறார்கள். அதே ஆள் இரண்டு முறை செய்தால் இரண்டு விடை வருவதும் உண்டு. ஒரு தனி மனிதர் நாளை எப்படி நடந்துகொள்வார் என்று அதை வைத்துச் சொல்வதும் கடினம். இரத்த அழுத்தச் சீட்டு மாதிரி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள்.

நான்தான் பாதிக்கப்பட்டவன். நான் ஏன் என் மனதை ஆராய வேண்டும்?

வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை ஒரு கல்லூரி மாணவர் கேட்டபோது நான் ஏதோ பொதுவாக, ‘எல்லோருக்கும் பாரபட்சம் உண்டு’ என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அவர் செய்தது சரி. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஒரே பயிற்சி கொடுப்பது சோம்பேறித்தனம். மூன்று வாரம் கழித்து அவர் திரும்பி வந்தார். இடப்பக்கத்தை மட்டும் எழுதுகிறார்: மற்றவர்கள் தன்னைப் பார்த்ததும் என்ன நினைத்தார்கள் என்று அவருக்குத் தெரிந்தவை. வலப்பக்கம் அவர் எழுத வேண்டியது இல்லை என்கிறார். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எழுதினால் மாறிவிடுமா?

முதல் எண்ணம் மாறுவதாக எனக்குத் தெரியவில்லை. அறுபது வயதைத் தாண்டியும் எனக்கு இன்னும் அதே வேகத்தில் வருகிறது. கை செய்வது மாறலாம். நான் பார்த்தவரை, மனதைத் திருத்த முயல்வதைவிட வேலை செய்யும் முறையைத் திருத்துவது எளிது. கடைசி பத்து வருடம் விடைத்தாளில் பெயர் இருக்கும் பக்கத்தை மடித்து வைத்துத்தான் திருத்தினேன். முதல் ஆண்டே, ‘நல்ல குடும்பத்துப் பிள்ளை’ என்று நான் நினைத்திருந்த ஒரு பெண்ணின் கட்டுரை சுமார் என்று தெரிந்தது. அவளுக்கு அதுவரை நான் கொடுத்த மதிப்பெண் யாருடைய மதிப்பெண் என்று யோசித்தேன். கடை வைத்திருப்பவர் கடன் நோட்டைப் பார்க்கலாம்: யாருக்குக் கேட்காமலே கடன், யாரிடம் முதலில் காசு.

பஸ்ஸில், கல்யாண வீட்டில் யாராவது ‘அவர்கள் எல்லோரும் அப்படித்தான்’ என்றால் என்ன சொல்வது?

“யாரைச் சொல்கிறீர்கள்? பெயர் சொல்லுங்கள்” என்று சாதாரணமாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு ஆள் வருவார், அதுவும் பத்து வருடத்துக்கு முந்தையவர். சித்தப்பா, மாமா என்றால் தனியாகக் கேளுங்கள். பந்தியில் வைத்துக் கேட்டால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள், பழி உங்கள் மேல் வரும்.

கலந்துகொள்ள என்ன வேண்டும்?

ஒரு நோட்டு, பேனா. கட்டணம் இல்லை. ஒருவர் நோட்டை மற்றவர் எடுத்துப் படிக்கக் கூடாது. நோட்டில் பெயர் எழுதக் கூடாது. தேநீர் உண்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி டம்ளர். முதல் இரண்டு மாதம் கூட்டம் முடிந்ததும் பெண்களே எழுந்து கழுவிவைத்தோம். ஆண்கள் வாசலில் நின்று சமத்துவம் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாதம்தான் எங்களுக்கு உறைத்தது. அதிலிருந்து சுவரில் முறைப்பட்டியல் ஒட்டியிருக்கிறோம். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இதுவரை மூன்று டம்ளர் உடைத்திருக்கிறார். அவரை முறையிலிருந்து எடுக்கவில்லை. புது டம்ளர் வாங்கிவருவதும் அவர் பொறுப்பு.